குரல் மாறினால் பண் மாறும்!

தேவாரப் புத்தகத்தைப் பிரித்தால் பதிகத்தின் தலைப்பில் தலத்தின் பெயர் இருக்கும். அதனருகே சிறிய எழுத்தில் 'பண்: நட்டபாடை', 'பண்: கொல்லி', 'பண்: பழம்பஞ்சுரம்' என்று ஒரு வரி இருக்கும். நம்மில் எத்தனை பேர் அந்த வரியில் கொஞ்சம் நின்றிருக்கிறோம்? நேரே பாட்டுக்குத் தாவிவிடுகிறோம், இல்லையா? இந்த வாரம் அந்த ஒரு வரியைத்தான் படிக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு கோயிலைத் தரிசித்து வருவோம், வாருங்கள்.

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். கரி என்றால் யானை. யானை வலம் வந்து ஈசனை வழிபட்ட தலம் என்பது ஐதீகம். சுவாமி பால்வண்ணநாதர், அம்பாள் ஒப்பனையம்மாள், தலமரம் களா. இந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது. 'குட்டித் திருவாசகம்' என்று போற்றப்படும் 'திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி' இந்த ஈசனைப் பாடியதுதான். பாடியவர், அதிவீரராம பாண்டியர்.

இந்தக் கோயிலோடு சேர்ந்த துயரமான செய்தி ஒன்றும் உண்டு. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது உ.வே.சாமிநாதையர் இங்கும் வந்தார். பாண்டிய மன்னர் சேர்த்து வைத்த சுவடிகள் கோயிலில் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்பது விதி என்று சொல்லி, எல்லாவற்றையும் தீயில் இட்டுவிட்டதாகவே அவருக்குப் பதில் கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் ஐயரே இதை எழுதியிருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது!

அந்த ஏடுகளில் என்னென்ன இருந்தன என்பது பால்வண்ணநாதருக்கே வெளிச்சம். வேறு இடங்களில் தப்பிய ஏடுகளைக் கொண்டு 1892-ல் ஐயர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டார். தமிழரின் பண் இலக்கணத்தை இன்று நாம் பேச முடிவதற்கு அந்தப் பதிப்பு பெரிய காரணம். அதிலும் ஒரு குறை உண்டு. யாழிசைப் பாடல்கள் நிறைந்த கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை மட்டும் கிடைக்கவே இல்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

முதலில் 'கட்டை'. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். கட்டை மாறினால் பண் மாறுமா? மாறாது. அதே பாட்டு சற்று மேலே அல்லது கீழே ஒலிக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் பண்ணை நிர்ணயிப்பது எது? ஏழிசையை நம் முன்னோர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி. இவற்றில் முதலாவதான 'குரல்'தான் ஆதாரம். மற்ற ஆறும் அதனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை வைத்தே பண் பிறக்கிறது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை இதை எத்தனை அழகாகக் காட்டுகிறது! ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் இசையின் பெயர். குரலாக நிற்பவள் கண்ணன். இளியாக நிற்பவள் பலராமன். துத்தமாக நிற்பவள் நப்பின்னை!

ஜாதகம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிரகங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, லக்னம் மட்டும் மாறினால் பலன் மாறிவிடும் அல்லவா? பழைய உரைகளில் இசைகளைப் பன்னிரண்டு ராசி வீடுகளில் வைத்தே விளக்குகிறார்கள். அதற்கு 'வட்டப்பாலை' என்று பெயர். ஏழில் ஒவ்வொன்றையும் முறையே குரலாகக் கொண்டால் ஏழு பாலைகள் பிறக்கும். செம்பாலையை அரிகாம்போதி என்று ஆய்வாளர்கள் பலர் கொள்வர். அதன் உழையைக் குரலாக்கினால் அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இளியைக் குரலாக்கினால் கோடிப்பாலை, அதாவது கரகரப்பிரியா. விளரியைக் குரலாக்கினால் விளரிப்பாலை, அதுதான் தோடி. மேலை இசையிலும் இதே வழி உண்டு. அங்கே சங்கராபரணத்தின் வரிசையை அயோனியன் என்றும், கரகரப்பிரியாவின் வரிசையை டோரியன் என்றும் சொல்வார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பஜனை மடத்து ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் இருக்கும். மூன்றில் முதல் கட்டையை ஒரு விரலால் அழுத்தியபடியே, அதிலிருந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். மோகனம்! ஓதுவார்கள் திருவாசகம் பாடும் ராகம். அடுத்து, மூன்றில் நடுக்கட்டையை அழுத்திக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். மத்தியமாவதி! மூன்றாவதில் தொடங்கினால் ஹிந்தோளம். இரண்டில் முதலாவதில் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைகள்தான். ஆனால் ஐந்து ராகங்கள்! கமகமும் பிடிகளும் சேர்ந்தால்தான் ராகம் முழுமை பெறும் என்றாலும், அதன் சாயல் இதிலேயே தெரிந்துவிடும்.

அழுத்திய விரலை எடுத்துவிட்டால்? எது குரல் என்றே காது தடுமாறும். நாகஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் செய்யும் வேலை இதுதான். 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் கேலி பேசுகிறோம். அந்த ஒற்றை ஒலி நின்றால் ராகத்துக்கே பிடிமானம் போய்விடும்.

இப்போது தேவாரப் புத்தகத்தை மறுபடி எடுங்கள். நட்டபாடையை இன்று கம்பீரநாட்டையாகவும், கொல்லியை நவரோஜாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். அடுத்த முறை கோயிலில் ஓதுவார் பாடும்போது சற்று நின்று கேளுங்கள். பாடி முடித்ததும், "ஐயா, இது என்ன பண்?" என்று பணிவாகக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். தீயில் போன ஏடுகள் இனித் திரும்பாது. ஆனால் பண்கள் இன்னும் ஓதுவார்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. கேட்க ஆள் இருக்கும்வரை அவர்களும் பாடுவார்கள்.