நந்தவனக் கன்று நடுங் காலம்

பாடசாலையிலே நந்தவனம் வைத்தல் சமயபாடத்திற்குப் பெருந்துணையாகும். திருப்புகலூரிலே முருகநாயனார் மலர்மாலை தொடுத்துச் சாத்திய வரலாற்றைக் கற்கும் மாணாக்கர், தாம் வைத்த செடியிற் பூக்கொய்து கோயிலுக்குக் கொண்டு செல்வாராயின், அப்பாடம் அவருள்ளத்தில் நிலைபெறும். ஆயின், ஊவாத் தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில் ஆர்வத்தோடு வைத்த கன்றுகள் ஆடி மாதத்திலே கருகிப் போகின்றன. குடஞ்சுமந்து நீர்வார்த்த பிள்ளைகள் அடுத்த ஆண்டு மண்வெட்டியைத் தொட மனங்கொள்ளார். இக்கேட்டிற்குக் காரணம் பெரும்பாலும் நட்ட காலமே.

சித்திரை மாதத்தில் பதுளையிலும் பண்டாரவளையிலும் மாலைதோறும் இடியோடு மழை பெய்யும். மண் குளிரும், நடுதற்கு இதுவே காலமென்று தோன்றும். அட்டன் பக்கத்திலிருந்து மாற்றம் பெற்று வந்த ஆசிரியருக்கோ அவ்வெண்ணம் பின்னும் உறுதிப்படும். அங்கே அதனைத் தொடர்ந்து தென்மேற் பருவமழை வருமன்றோ! ஊவாவின் நிலை வேறு. தென்மேற் காற்று தன் நீரை மேலைச் சரிவிலே பொழிந்துவிட்டு, மலைமுகட்டைக் கடந்து இப்புறம் வறண்டு இறங்குகின்றது. ஆனி முதல் ஆவணி வரை வீசும் இக்கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணத்தைக் கொடுப்பது. இளங்கன்றுக்கோ அதுவே கூற்று. சித்திரையில் நட்ட கன்று வேரூன்ற ஏறக்குறைய இரண்டு மாதமே பெறும்.

ஐப்பசிப் பிற்பகுதியிலே நட்டதோ வடகீழ்ப் பருவமழையையும், அதன்பின் சித்திரை மழையையும் பெற்று, ஏழு மாத வேரோடு கச்சானை எதிர்கொள்ளும். ஆதலால் அலரி, நந்தியாவட்டை, பவளமல்லிகை முதலிய பல்லாண்டுச் செடிகளைக் கந்தசட்டியை ஒட்டிய நாட்களில் நடத் தொடங்கித் திருக்கார்த்திகைக்குள் முடித்தல் நன்று. இது பெற்றோர் அறியாததன்று. இப்பகுதியில் தேயிலைக் கன்று நடுவதும் இம்மழையை நம்பியே. அவர்களை அழைத்துக் கேட்பதால் ஆசிரியருக்கு இழுக்கொன்றுமில்லை.

விசயதசமியன்றே நடவேண்டுமென்பாரும் உளர். அந்நாள் சில ஆண்டுகளில் மழை நிலைபெறுமுன்னே வந்துவிடும். அன்று வழிபாட்டோடு ஒரு கன்றை நட்டு, நீர்வார்த்துக் காத்து, எஞ்சியவற்றை மழைக்கு நிறுத்திவைக்கலாம்.

மழை போதுமோவென அறியப் பஞ்சாங்கம் வேண்டா. ஒரு சாண் ஆழந் தோண்டி, அடிமண்ணைக் கையிற் பிடித்துப் பார்க்க. உருண்டையாய் நின்றால் நடலாம். பொடியாய் உதிர்ந்தால் மேல்மண் மாத்திரமே நனைந்ததென்க. கன்றும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். நாற்றுமேடை நிழலைச் சில வாரங்களாகச் சிறிது சிறிதாய்க் குறைத்து வெயிலுக்குப் பழக்குக. இளந்தளிர் விட்டுக்கொண்டிருக்குங் கன்றை, அது முற்றும்வரை பெயர்க்கலாகாது.

இடத்துக்கேற்பத் தெரிவும் மாறும். வில்வம் உலர்ந்த வெப்பநிலத்து மரம். பதுளைத் தாழ்விலே வைக்கலாம், அப்புத்தளைக் குளிரிலே செழித்தல் அரிது. அலரியின் எல்லா உறுப்பும் நஞ்சாதலால், அதனைத் தொட்ட பிள்ளைகள் கைகழுவுதலைக் கட்டாயமாக்குக.

மற்றொன்று முக்கியமாய்ச் சொல்லவேண்டும். நடுதற்குரிய மழைக்காலமே மலை சரியுங் காலமுமாம். 2014 ஆம் ஆண்டு ஐப்பசியிலே, அக்டோபர் 29 ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடிய துயரம் இம்மாகாணத்திலேயே நிகழ்ந்தது. ஆகையால் சரிவான இடத்திற் குழிகளைப் புரட்டாதியிலேயே ஒன்றரை அடி ஆழத்திற்கு வெட்டி, மேல்மண்ணும் மட்கிய எருவுங் கலந்து நிரப்பி வைத்துவிடுக. மழை இடைவிடாது பொழியும் நாளில் பிள்ளைகளைச் சரிவிற்கு அனுப்பாது, வெளுத்த மறுநாட் காலையிலே, மண் சேறாயில்லாதபோது நடுவிக்க. நட்டபின் அடியிலே உலர்ந்த மானாப்புல்லைத் தண்டிற் படாது பரப்பினால், தை முடிந்து மழை தணிந்த பின்னும் ஈரம் சில நாட்கள் நிற்கும்.