சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்!

கேஸ்கட் மாற்றியும் கார் நிற்குமிடத்தில் ஆயில் சொட்டுகிறதா? சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆறிய எஞ்சினை டீகிரீசர் போட்டுத் துடைத்து, உலர்ந்ததும் சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடர் தூவுங்கள், பெல்ட்டில் படவேண்டாம். சேலத்தில் என்றால், அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை ஒரு நடை போய்வந்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் கசிவு. பெரும்பாலும் வால்வ் கவர், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர். (பழைய வாஷரையே திரும்பப் போடும் சிக்கனம் நமக்கு உண்டே!) புது சீலும் கசிந்தால் பிசிவி வால்வைச் சோதியுங்கள்; அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். சரியாகும்வரை டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள்.