பறவைக்கு எந்த சென்சார், பால்வீதிக்கு எது?

வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் எடுக்க வேண்டும், ஜவ்வாது மலையில் பால்வீதியும் எடுக்க வேண்டும். காசோ ஒரு கேமராவுக்குத்தான் இருக்கிறதா?

1. பறவையே பிரதானம் என்றால் சிறிய சென்சாரான ஏ.பி.எஸ்.-சி வாங்குங்கள். 300 மி.மீ. லென்ஸ், 450 மி.மீ. போலக் காட்சியை நெருக்கிக் காட்டும். பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமின் 24 மெகாபிக்சல் படத்தை அந்த அளவுக்கு வெட்டினால் 10 சொச்சம்தான் மிஞ்சும்.

2. பால்வீதிக்கு ஃபுல் ஃபிரேம். அதே காட்சிக்கு, அதே எஃப் எண்ணில் கூடுதல் ஒளி சேரும். இருட்டில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் குறையும்.

3. ஷட்டர் நேரத்துக்கு 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுங்கள்; ஏ.பி.எஸ்.-சி என்றால் விடையை மறுபடி 1.5-ஆல். 20 மி.மீ.க்கு ஃபுல் ஃபிரேமில் 25 நொடி, ஏ.பி.எஸ்.-சியில் 16. மீறினால் நட்சத்திரம் அரிசிமணியாக நீளும். பெரிதாக்கிப் பார்க்கும் ஆசாமியா? அதிலும் பாதி வையுங்கள்.

4. நிலாவுக்கு சென்சார் அளவைப் பார்க்காதீர்கள். 300 மி.மீ.யில் எந்த சென்சாரிலும் அது சுமார் 2.7 மி.மீ. வட்டம்தான், பிக்சல் சிறிதாக இருந்தால்தான் பள்ளங்கள் துலங்கும்.

5. முக்காலிக்குக் காசை முதலிலேயே ஒதுக்குங்கள். ஆட்டம் கண்டால் எந்த சென்சாரும் உதவாது.