இரண்டு 41-ம் நம்பர் ரசீதுகள்: சி மொழியில் யு.யு.ஐ.டி.

மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்தவரின் பட்சணக் கடை ஒன்று உண்டு. ஸ்டேஷன் பக்கம் ஒரு கவுன்டர், லேக் வியூ ரோடு பக்கம் இன்னொரு கவுன்டர். நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஆர்டர்களைப் பதிவு செய்ய சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இடையே இணைப்பு கிடையாது. இரவு கடை மூடியதும் ஒன்றில் உள்ள பைலை பென் டிரைவில் எடுத்து வந்து மற்றதில் சேர்த்துவிடுவார்கள். இரண்டிலும் ஆர்டர் நம்பர் 1-ல்தான் தொடங்கும். சேர்க்கும்போது ஒரே நம்பர் இரண்டு முறை வந்தால், பழையதை அழித்துப் புதியதை எழுதும்படி செய்திருந்தேன். திருத்தப்பட்ட ஆர்டராகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

ஒரு நாள் விடிகாலை ஒரு மாமி வந்து நின்றார். பெண்ணின் சீமந்தத்துக்கு முறுக்கும் அதிரசமும் 101 வீதம் சொல்லி, முன்பணமும் கட்டியிருந்தார். கையில் 41-ம் நம்பர் ரசீது. கம்ப்யூட்டரில் 41 என்று தட்டினால், வேறு யாரோ சொன்ன 2 கிலோ ரிப்பன் பக்கோடா வந்தது! முறுக்கை எப்படியோ சுட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதிரச மாவு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டுமே, அதற்கு வழியில்லை. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. "இனிமே நோட்டுலயும் எழுதி வெச்சுக்கலாம்ப்பா" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, அதற்கு மருந்து என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எந்த எல்லைக்குள் ஒரே ஒரு நம்பர்?

12-ம் நம்பர் வீடு என்றால் எந்தத் தெரு என்று கேட்போம். தெருப் பெயரைச் சொன்னால் எந்த ஏரியா என்று கேட்போம். அதனால்தான் 600033 என்ற பின்கோடும் தேவைப்படுகிறது. சென்னையில் பல வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வேறு தொங்குகிறது. ஆக, ஒரு நம்பர் அதன் எல்லைக்குள் மட்டுமே தனித்துவமானது. என் 41-ம் நம்பரும் அப்படித்தான். கவுன்டரைத் தாண்டியதும் அது செல்லாக் காசாகிவிட்டது.

இதற்கு ஒரு வழி, எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருந்து நம்பர் கொடுப்பது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் தெம்ப்லி கிராமத்தில் வழங்கத் தொடங்கிய 12 இலக்க ஆதார் எண் அந்த ரகம். ஒருவருக்கு இரண்டு எண் போகாமல் மைய அலுவலகம் சரிபார்த்துக் கொடுக்கிறது. ஆனால் இணைப்பே இல்லாத இரண்டு கவுன்டர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் யாரிடம் போய்க் கேட்பது?

யாரையும் கேட்காத நம்பர்

இங்கேதான் யு.யு.ஐ.டி. வருகிறது. யுனிவர்சலி யுனிக் ஐடென்டிபையர் என்பதன் சுருக்கம். மைக்ரோசாப்ட் இதையே ஜி.யு.ஐ.டி. என்று சொல்லும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அடைப்புக்குறிக்குள் நீளநீளமான எண்களைப் பார்த்திருப்பீர்கள், அவை இவைதான்.

இது 128 பிட், அதாவது 16 பைட் நீளம் கொண்டது. எழுதும்போது 32 இலக்கங்கள். 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் வரலாம். 8, 4, 4, 4, 12 என்று ஐந்து துண்டாக, நடுவே சிறு கோடு போட்டு எழுதுவார்கள். எழுத்துகள் வராத ஓர் உதாரணம்:

73052814-9067-4315-8826-190457332068

மூன்றாவது துண்டின் முதல் இலக்கம் 4. இது நான்காம் வகை என்று பொருள். இந்த வகையில் 6 பிட்டுகள் மட்டுமே நிலையானவை, மற்ற 122 பிட்டுகளும் குருட்டுவாக்கில் எடுக்கப்படுபவை. இரண்டு ஒன்றாகிவிடாதா? வினாடிக்கு 100 கோடி வீதம் சுமார் 86 ஆண்டுகள் உருவாக்கிக்கொண்டே இருந்தால்தான், ஏதோ ஒரு ஜோடி மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வரும். பட்சணக் கடைக்கு இது போதாதா!

வேறு வகைகளும் உண்டு. முதல் வகை, நேரத்தையும் நெட்வொர்க் கார்டின் எண்ணையும் சேர்த்து உருவாகிறது. எந்த இயந்திரத்தில், எப்போது என்பது அதில் வெளியே தெரிந்துவிடும். 2024 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 9562 என்ற ஆவணத்தில் ஏழாம் வகை சேர்க்கப்பட்டது. அதில் நேரம் முன்னால் வருவதால், உருவான வரிசைப்படி அடுக்குவது எளிது.

சி மொழியில் செய்து பார்ப்போம்

லினக்ஸில் லிப்யுயுஐடி என்ற லைப்ரரி இருக்கிறது. உபுண்டுவில் யுயுஐடி-டெவ் என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். கீழே வரும் லினக்ஸ் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளில், இடைவெளியின்றி டைப் செய்யவும்.

1. யுயுஐடி என்ற போல்டரில் உள்ள யுயுஐடி.எச் ஹெடர் பைலை இன்க்ளூட் செய்யவும்.

2. யுயுஐடி_டி என்ற வகையில் ஒரு வேரியபிளை அறிவிக்கவும். இது 16 பைட் கொண்ட அர்ரே.

3. யுயுஐடி_ஜெனரேட் பங்ஷனுக்கு அந்த வேரியபிளைக் கொடுக்கவும். புதிய எண் அதில் வந்து உட்காரும்.

4. திரையில் காட்ட, 37 இடம் கொண்ட கேரக்டர் அர்ரே ஒன்றை எடுத்து, யுயுஐடி_அன்பார்ஸ் பங்ஷனை அழைக்கவும். எழுத்துகளும் கோடுகளும் 36, முடிவைக் குறிக்கும் பூஜ்யம் 1. பலரும் 36 என்று போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

5. கம்பைல் செய்யும்போது கட்டளையின் கடைசியில் மைனஸ் குறி, எல், அதை ஒட்டி யுயுஐடி என்று சேர்க்கவும்.

விண்டோஸில் ஆர்பிசி.எச் ஹெடரும் ஆர்பிசிஆர்டி4 லைப்ரரியும் தேவை. அங்கே யுயுஐடிகிரியேட் என்ற பங்ஷன் இதே வேலையைச் செய்யும்.

கையாளும்போது கவனிக்க

யுயுஐடி_டி ஓர் அர்ரே என்பதால் ஈக்வல் குறி போட்டு நகலெடுக்க முடியாது. யுயுஐடி_காப்பி பயன்படுத்தவும். இரண்டு ஈக்வல் குறி போட்டு ஒப்பிட்டால் கம்பைலர் மெமரி முகவரிகளைத்தான் ஒப்பிடும். யுயுஐடி_கம்பேர் பயன்படுத்துங்கள், 0 வந்தால் இரண்டும் ஒன்று. 16 பைட்டுகளுக்கு நடுவில் பூஜ்யம் வரலாம் என்பதால், ஸ்ட்ரிங் பங்ஷன்களை அதன் மேல் ஏவ வேண்டாம்.

பைலில் இருந்து எழுத்து வடிவில் படித்தால், யுயுஐடி_பார்ஸ் கொண்டு பழைய வடிவத்துக்கு மாற்றலாம். அது திருப்பித் தருவது 0-தானா என்று பார்க்கவும். விண்டோஸ் முதல் மூன்று துண்டுகளின் பைட்டுகளை லினக்ஸுக்கு நேர்மாறான வரிசையில் வைக்கிறது. எனவே இரண்டுக்கும் இடையே எழுத்து வடிவில் அனுப்புவதே நல்லது.

ரேண்ட் பங்ஷனுக்கு நேரத்தைக் கொடுத்து நீங்களே எண் உருவாக்க முயல வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு கம்ப்யூட்டர்களில் புரோகிராம் ஒரே வினாடியில் தொடங்கினால், இரண்டிலும் ஒரே எண்கள் வரும். மறுபடியும் 41-ம் நம்பர் கதைதான்!

கடை என்ன ஆயிற்று?

ஆர்டர் பதிவாகும்போதே ஒரு யு.யு.ஐ.டி. கொடுத்தேன். பிறகு எத்தனை முறை திருத்தினாலும் அது மாறாது. சேர்க்கும்போது யு.யு.ஐ.டி. ஒன்றாக இருந்தால் அது திருத்தப்பட்ட அதே ஆர்டர், கடைசியாகத் திருத்தியது நிற்கும். வேறாக இருந்தால் நம்பர் 41 ஆனாலும் இரண்டு ஆர்டர்கள், இரண்டும் நிற்கும்.

ரசீதில் மட்டும் ஸ்டேஷன் 41, லேக் வியூ 41 என்றே அச்சிடுகிறோம். 36 எழுத்தை எந்த மாமியும் படித்துச் சொல்ல மாட்டார். அந்த முன்பெயரே போதாதா என்று கேட்கலாம். மூன்றாவது கம்ப்யூட்டர் வாங்கி, பழையதன் செட்டிங்கை அப்படியே நகலெடுத்து வைத்தால் அதுவும் மோதும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போன் நம்பர் பட்டியலோ புத்தகப் பட்டியலோ எழுதினாலும், முதல் நாளே இதைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு பைல்களைச் சேர்க்கும் நாள் என்றாவது வரத்தான் செய்யும். கடையில் நோட்டு இன்னும் இருக்கிறது. அதையும் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.