ஆள் மாறினால் பலம் மாறும்: அமெரிக்கக் கல்லூரி கால்பந்தில் ஒரு பாடம்

நம்மிடம் தொழில் பழகிய பையன், விலை விவரமும் வாடிக்கையாளர் முகமும் நன்கு தெரிந்த பிறகு, கூடுதல் சம்பளத்துக்குப் பெரிய கடைக்குப் போய்விடுகிறான். வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிந்த சங்கடம் இது. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக் குழுக்கள் இப்போது இதே சங்கடத்தில் இருக்கின்றன. (அவர்கள் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பெயர்ப் பொருத்தத்தை நாம் கேட்க வேண்டாம்.)

முன்பு கல்லூரி மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு களமிறங்காமல் இருக்க வேண்டும். இதனால் அலபாமா, ஜார்ஜியா, ஒகையோ ஸ்டேட் போன்ற பெரிய இடங்கள் திறமைசாலிகளை வாங்கி அடுக்கி வைத்தன. அப்போது ஒரு குழுவுக்கு 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்க முடிந்தது. ஒரே நேரத்தில் ஆடுவது 11 பேர். மற்றவர்கள் குடோனில் கிடக்கும் சரக்கு மாதிரிதான்.

2018 அக்டோபரில் மாற்றப் பதிவேடு வந்தது. விரும்புகிறவர் பெயர் கொடுத்தால் போதும், மற்ற கல்லூரிகள் அவரிடம் பேசலாம். பழைய பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021இல் ஒருமுறை காத்திருப்பின்றி மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில், தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2024இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதலாண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

சரி, பலம் யார் பக்கம் போயிற்று?

நஷ்டப்பட்டவர் பழக்கிவிட்டவர். கேம் வார்டு என்ற ஆட்டக்காரர் இன்கார்னேட் வேர்டு என்ற சிறு கல்லூரியில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட்டில் வளர்ந்து, 2024இல் மயாமிக்குப் போனார். 2025இல் தொழில்முறைக் குழுக்களின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஐரோப்பியக் கால்பந்தில் ஆளை விடுகிற குழுவுக்கு மாற்றுத் தொகை உண்டு. இங்கே பொதுவாக அந்த வழக்கம் இல்லை.

ஆனால் சிறியவர் ஏறியதும் இதே வழியில்தான். இந்தியானா 2023இல் 3 ஆட்டம் வென்று 9 தோற்ற குழு. புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரை அழைத்து வந்தார். எல்லாரும் அவர் கைப்பழக்கம் அறிந்தவர்கள். மறு ஆண்டு 11 வெற்றி, 2 தோல்வி. 2025 பருவத்தில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ மென்டோசாவை முன்நிறுத்தி, 16 ஆட்டமும் வென்று, 2026 ஜனவரியில் மயாமியையே வீழ்த்திப் பட்டம் பெற்றது.

வெளியாளை எடுத்தால் மட்டும் போதுமா? ஃபுளோரிடா ஸ்டேட் 2023இல் தொடர்ந்து 13 ஆட்டம் வென்றது. போனவர்கள் இடத்தில் அனுபவமுள்ள வெளியாட்களை நிரப்பியது. 2024இல் 2 வெற்றி, 10 தோல்வி. ஒருவரோடொருவர் பழகாத ஆட்கள் கல்லாவிலும் தராசிலும் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்!

விசுவாசம் போய்விட்டது என்று அங்கே புலம்பல் அதிகம். பயிற்சியாளர் கூடுதல் சம்பளத்துக்கு ஊர் மாறலாம், மாணவன் மட்டும் மாறக்கூடாது என்றால் அது என்ன நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பதிவுக் காலத்தைச் சுருக்கிவிட்டார்கள். 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரைதான். ஏப்ரல் வாய்ப்பு எடுபட்டது. அந்தப் பதினைந்து நாளில் பயிற்சியாளர்கள் புது ஆளைத் தேடுவதோடு, இருக்கிற ஆளிடமும் உட்கார்ந்து பேசி நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.