கற்றையின் அலையா, கணக்கின் அலையா?

கலிபோர்னியாவிலுள்ள ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில் 2009ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் எக்ஸ் கதிர் லேசர் ஒன்று முதன்முதலாக ஒளிர்ந்தது. அணுக்களின் அசைவையே படம்பிடிக்க உதவும் அவ்வொளி, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் எலெக்ட்ரான் கூட்டத்திலிருந்து பிறக்கிறது. 250 பிக்கோகூலும் மின்னூட்டமுள்ள ஒரு கூட்டத்தில் சுமார் 156 கோடி எலெக்ட்ரான்கள் உண்டு.

ஒளி பிறக்க இக்கூட்டம் நெருக்கமாக வேண்டும். அதற்காக அதனைக் காந்த வளைவுகளின் வழியே செலுத்துகிறார்கள். தொல்லை அங்கேதான் முளைக்கிறது. கூட்டத்தில் ஓரிடம் சற்றே அடர்ந்திருந்தால், எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். முன்னிருப்பவை ஆற்றல் பெறும், பின்னிருப்பவை இழக்கும். வளைவில் ஆற்றல் மிகுந்தவை குறுக்கு வழியிலும், குறைந்தவை சுற்று வழியிலும் செல்கின்றன. இவ்வாறு சிற்றலை பேரலையாகி, லேசர் ஒளியைக் கெடுக்கிறது.

இதற்கு மருந்தும் உண்டு. வேறொரு லேசரால் கூட்டத்தைச் சிறிது 'சூடாக்கினால்' அலை கலைந்துவிடும். சூடு மிஞ்சினாலோ எக்ஸ் கதிரே மங்கும். எனவே அளவைக் கணித்தறிய வேண்டும்.

ஆய்வு மாணவனாகிய நானும் கணிப்பொறியில் முயன்றேன். 1,56,000 துகள்களை இட்டேன். ஒவ்வொன்றும் 10,000 எலெக்ட்ரான்களுக்குப் பிரதிநிதி. பெரிய அலை எழுந்தது! நிரம்பச் சூடு வேண்டுமென்று முடிவும் எழுதிவிட்டேன். பேராசிரியர் படித்துவிட்டு, "இது எலெக்ட்ரானின் குணமா, உன் கணக்கின் குணமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு நான்கு மடங்கு துகள்களை இட்டுப் பார்த்தேன். அலை ஏறக்குறையப் பாதியாயிற்று! இயற்கையின் அலையானால் என் எண்ணிக்கைக்கு ஏன் அடங்க வேண்டும்? உண்மை விளங்கிற்று. தற்செயலான ஏற்றத்தாழ்வு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கேற்பக் குறையும். எண்ணிக்கையை 10,000 மடங்கு குறைத்த நான், ஏற்றத்தாழ்வை 100 மடங்கு பெருக்கியிருந்தேன். நான் விதைத்ததையே அறுவடை செய்து, இயற்கையின் விளைச்சல் என்றிருக்கிறேன்!

வழிகள் இல்லாமற் போகவில்லை. துகள்களை ஒழுங்காகப் பரப்பி, உண்மையான ஏற்றத்தாழ்வை மட்டும் அளவாகச் சேர்க்கலாம். வல்லமையுள்ள கணிப்பொறியிருந்தால் எண்ணிக்கையையே உயர்த்தலாம். பெர்க்லி ஆய்வாளர் 2009இல் நூறு கோடித் துகள்களைக் கொண்டே கணித்து வெளியிட்டனர்.

எழுதிய முடிவைக் கிழித்தெறிய மனம் வலித்தது உண்மையே. ஆயினும் கணிப்பொறி விடை தந்ததும், அதனை நம்புமுன் துகள்களின் எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கும் வழக்கம் அன்று வந்தது. உடன் பயிலும் நண்பர்களுக்கும் அதனையே சொல்வேன்.