ஏஆர்-15 ரைஃபிளுக்கு ஸ்பிரிங், பஃபர் வாங்கும் முன்: பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்காவில் ஏஆர்-15 வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு மாற்றும் உறுப்புகளில் இவை இரண்டும் உண்டு: ஸ்டாக்குக்குள் படுத்திருக்கும் நீளமான ஸ்பிரிங், அதன் முன்முனையில் செருகியிருக்கும் பஃபர் என்ற எடைக்கட்டை. விலை குறைவு, ஐந்து நிமிட வேலை. அதனாலேயே தேவை இல்லாமல் மாற்றிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரைஃபிளைக் கெடுத்துக்கொள்பவர்களும் அதிகம்.

1. கழற்றும் முன் மேகசினை எடுத்துவிடுங்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு கண்ணுக்குக் கண்ணாடி. பஃபரைப் பிடித்து வைத்திருக்கும் சிறிய பின்னை அழுத்தியதும் ஸ்பிரிங் அதை வெளியே உதைத்துத் தள்ளும். உள்ளங்கையால் அணைத்து மெதுவாக விடுங்கள்.

2. எது தள்ளுகிறது, எது தடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஏற்பாட்டில், குழலில் உள்ள ஒரு சிறு துளை வழியே வெடிவாயு பின்னால் வந்து போல்ட் கேரியரைத் தள்ளுகிறது. அந்த ஓட்டத்துக்குத் தடை போடுவது பஃபரின் எடை. தடுத்து நிறுத்தி, மறுபடி முன்னே அனுப்பி, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றுவது ஸ்பிரிங். ஆகவே துளை பெரிதாக இருந்து வாயு அதிகம் வந்தால், எடையைக் கூட்டுவது தற்காலிக வைத்தியம்தான். வாயுவைக் குறைக்கும் திருகு வைத்த கேஸ் பிளாக் போடுவதே நேரான வழி.

3. உங்கள் ரைஃபிளின் வாயு ஏற்பாடு எந்த நீள வகை என்று பாருங்கள். கார்பைன் நீளம் சுமார் 7 அங்குலம், மிட் சுமார் 9, ரைஃபிள் நீளம் சுமார் 12. வாயுக்குழாய் குட்டையாக இருந்தால் வாயு அதிக அழுத்தத்தோடு, சீக்கிரமாகவே வந்து அடிக்கும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும் என்பதால், கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 16 அங்குலம். ராணுவ எம்4 கார்பைனின் குழல் 14.5 அங்குலம். அதே கார்பைன் வாயுக்குழாயை 16 அங்குலத்தில் பொருத்தும்போது, குண்டு துளையைத் தாண்டிய பிறகும் சற்றுக் கூடுதல் நேரம் குழலுக்குள்ளேயே இருக்கிறது. அவ்வளவு நேரமும் வாயு பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பஃபரைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இந்த வகை ரைஃபிளிலிருந்துதான் கிளம்புகின்றன.

4. உள்ளே இருப்பது எந்த பஃபர் என்று தெரியவில்லையா? சமையலறைத் தராசில் வையுங்கள். சாதாரண கார்பைன் பஃபர் சுமார் 85 கிராம். எச் சுமார் 108, எச்2 சுமார் 130, எச்3 சுமார் 153. முகப்பில் எச் எழுத்து பொறித்திருந்தாலும் தராசு சொல்வதையே நம்புங்கள். மலிவுச் சரக்கில் எழுத்து ஒன்று, எடை ஒன்று.

இந்த எடைகளின் கணக்கு எளிது. கார்பைன் பஃபருக்குள் மூன்று எஃகுத் துண்டுகள், இடையிடையே ரப்பர் வில்லைகள். எஃகைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டது டங்ஸ்டன். மூன்றில் ஒன்றை டங்ஸ்டனாக்கினால் எச், இரண்டை மாற்றினால் எச்2, மூன்றையும் மாற்றினால் எச்3. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 23 கிராம் கூடும்.

5. காதருகே வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். துண்டுகள் உள்ளே நகர்வது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: கேரியர் முன்னே வந்து மோதித் திரும்ப எம்பப் பார்க்கும் கணத்தில், துண்டுகள் சற்றுத் தாமதித்து வந்து மோதி அதை அமுக்கிவிடும். 1960களில் அமெரிக்க ராணுவம் எம்16க்கான தோட்டாவின் மருந்தை மாற்றியபோது சுடும் வேகம் ஏறி, வியட்நாமில் பல கோளாறுகள் வந்தன. துப்புரவுக் கருவி கொடுக்காதது, அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாதது என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. அப்போது கொண்டுவந்த திருத்தங்களில் ஒன்றுதான் உள்ளே எடை நகரும் இந்த பஃபர். சத்தமே வராவிட்டால் அது வேறு வகையாக இருக்கலாம், அல்லது உள்ளே எண்ணெய் புகுந்து பிசினாகியிருக்கலாம். வால்பக்க பிளாஸ்டிக் முட்டு வெடித்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

6. அடுத்து ஸ்பிரிங். மேசையில் கிடத்தி அளவுநாடாவால் அளந்து பாருங்கள். கார்பைன் ஸ்பிரிங் சுமார் 10 முதல் 11¼ அங்குலம். ரைஃபிள் ஸ்பிரிங் 11¾ முதல் 13½. சுருளை எண்ணினால் முன்னதில் 37 முதல் 39, பின்னதில் 41 முதல் 43. நீளம் குறைந்துவிட்டால் மாற்றுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில நூறு தோட்டாக்களில் கொஞ்சம் குறுகி அப்புறம் நிலைத்துவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுடும்போது கன்னத்தருகே கேட்கும் 'கிறீச்' சத்தத்துக்காகவே பலர் விலை கூடிய தட்டைக்கம்பி ஸ்பிரிங் வாங்குகிறார்கள். முதலில் மெல்லிசாகக் கிரீஸ் தடவிப் பாருங்கள்.

7. கார்பைன் பஃபரை ரைஃபிள் டியூபில் (ஸ்டாக்குக்குள் பஃபர் ஓடும் குழாய்) ஒருபோதும் போடாதீர்கள். பஃபர் குட்டை, டியூப் நீளம். கேரியர் போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய், அதன் மேலுள்ள கேஸ் கீ ரிசீவரில் மோதி உடைக்கும். டியூப், பஃபர், ஸ்பிரிங் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். இடைப்பட்ட நீளமுள்ள ஏ5 வகைக்கும் இதே விதிதான்: அதற்கென உள்ள பஃபர், அதோடு ரைஃபிள் ஸ்பிரிங்.

8. பெரிய .308 ரைஃபிள்களில் எல்லாருக்கும் பொதுவான அளவு கிடையாது. செய்த நிறுவனம் சொல்வதையே வாங்குங்கள். .22 மாற்று கிட் போட்டுச் சுடுபவர்கள் பஃபருக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். அந்த கிட் தன் சொந்த ஸ்பிரிங்கில் ஓடுகிறது.

9. இப்போது ரைஃபிள் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சுடுதளத்தில் குழல் முனையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு, காலி உறைகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். 3 முதல் 4½ மணித் திசை என்றால் கை வைக்காதீர்கள். 1, 2 மணித் திசையில் முன்னால் பறந்தால் கேரியர் வேகமாகப் போகிறது. ஒரு படி கனமான பஃபர் போடலாம். 5 மணித் திசையில் சோம்பலாக விழுந்தால் தடை அதிகம், அல்லது வாயு குறைவு. இது ஒரு குறிப்பு மட்டும்தான். எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர் ஸ்பிரிங்குகளும் இந்தத் திசையை மாற்றும். உறையின் விளிம்பையும் புரட்டிப் பாருங்கள். அங்கே கிழிசலோ வளைவோ இருந்தால் அதிவேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

10. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், உடனே கேரியர் முழுத் தூரம் போகவில்லை என்று முடிவு கட்டி லேசான பஃபர் வாங்கிவிடாதீர்கள். கேரியர் மிக வேகமாகத் திரும்பினாலும், போல்ட் கேட்ச் மேலே எழும்ப நேரம் கிடைக்காமல் இதே கோளாறு வரும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். காலி உறை வெளியேறும் வழியில் சிக்கினாலோ, பலவீனமாக விழுந்தாலோ முதல் காரணம். முன்னால் பறந்து, தோளிலும் கூர்மையாக இடித்தால் இரண்டாவது.

11. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கூடுதல் வலுவுள்ள ஸ்பிரிங்கும் எச்3 பஃபரும் சேர்த்து வாங்கிப் போட்டுவிட்டு, எது கெடுத்தது என்று பிறகு தேட முடியாது.

12. மாற்றியபின், நீங்கள் வாங்குவதிலேயே வலுக் குறைந்த, மலிவான .223 தோட்டாவால் சோதியுங்கள். எண்ணெய் தடித்துப்போகும் குளிர்நாளில் ஒருமுறை சோதிப்பது இன்னும் நல்லது. 5.56 ராணுவத் தோட்டாவில் மட்டும் ஓடும் ரைஃபிளைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், 16 அங்குலக் குழலும் கார்பைன் வாயுக்குழாயும் உள்ளவர்கள் சாதாரண ஸ்பிரிங், எச் பஃபர் என்று தொடங்குங்கள். உறை சரியான பக்கம் விழுந்து, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட்டும் நின்றால், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்யுங்கள்.